கறுத்த வெள்ளி நாணயத்தைத் துலக்கலாமா?

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு நினைவாக வெளிவந்த ‘ப்ரூஃப்’ நாணயத் தொகுப்பை அப்பா வாங்கி வைத்திருந்தார். அதிலுள்ள ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயம் ஓரமெல்லாம் கறுத்து வருகிறது. விபூதி போட்டுத் துலக்கப் போனேன். நாணயம் சேர்க்கும் நண்பர், “கை வைக்காதே, மதிப்புப் போய்விடும்” என்று தடுத்துவிட்டார். சுத்தம் செய்தால் மதிப்பு எப்படிக் குறையும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நல்ல வேளை, நண்பர் தடுத்தார். அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.

கறுப்பு என்றால் அழுக்கு, அதைத் துடைத்தால் அடியில் பழைய வெள்ளி அப்படியே இருக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது அழுக்கே அல்ல. காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு, அதாவது கந்தகமேறிய வெள்ளி. கறுப்பை எடுத்தால் நாணயத்தின் மேற்பரப்பில் இருந்த வெள்ளியும் சேர்ந்தே போகிறது.

எடையில் இது ஒரு பொருட்டல்ல. உங்கள் நாணயம் 35 கிராம். அதில் 80 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. உருக்கி விற்பவருக்கு நஷ்டமே தெரியாது. ஆனால் தொகுப்பாக வாங்குபவர் வெள்ளியின் எடைக்கு மேல் கொடுக்கும் விலை அந்த மேற்பரப்புக்குத்தான்.

‘ப்ரூஃப்’ என்பது சேகரிப்பாளர்களுக்கென்றே தனிக் கவனத்தோடு அடிக்கப்படும் நாணயம். அச்சையும், அடிக்க வேண்டிய வெற்று வில்லையையும் முன்கூட்டியே மெருகேற்றி, ஒரு முறைக்கு மேல் அழுத்துவார்கள். அதனால்தான் வெற்றிடம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. எழும்பி நிற்கும் உருவம் மட்டும் பனி படிந்தாற்போல் மங்கலாகத் தெரிகிறது. நாணயத்தை விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள், இந்த வேறுபாடு பளிச்சென்று புலப்படும். நாணயச்சாலையின் அழுத்தம் உண்டாக்கிய இந்தப் பரப்பை வீட்டில் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

விபூதியில் வெள்ளியைவிடக் கடினமான மணல்துகள்கள் உண்டு. குத்துவிளக்குக்கு அது சரி. கண்ணாடிப் பரப்பிலோ மயிரிழைக் கீறல்கள் விழும். மெத்தென்ற துணிகூடக் கீறும். அனுபவப்பட்ட வியாபாரி லென்ஸ் வைத்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். வெள்ளியை முக்கி எடுத்துத் துலக்கும் திரவமும் கறுப்போடு நிற்காது, மேற்பரப்பையும் அரித்து, ஒளியைச் சாகடித்துவிடும். புளியும் வேண்டாம், அந்த அமிலம் கலவையில் உள்ள செம்பைத் தாக்கும்.

கறுப்பைப் போக்குவதைவிட, கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெட்டியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ரப்பரில் கந்தகம் உண்டு. கம்பளித் துணியும் ஆகாது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். நாணயத்தை எடுக்க நேர்ந்தால் விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரல் வியர்வையின் உப்பு, ரேகையாகவே படிந்து நின்றுவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பிசுபிசுப்பான பச்சைப் படலம் தெரிந்தால் அது பி.வி.சி. உறையிலிருந்து கசிந்தது, விட்டால் உலோகத்தையே அரிக்கும். அதைத் தேய்க்காமல், தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுத்து, தானாக உலர விடலாம். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். பிறகு பாலியஸ்டர் உறைக்கு மாற்றுங்கள். அப்பா வாங்கியபோது வந்த பெட்டி, விளக்கத்தாள் எல்லாம் அதே தொகுப்போடு இருக்கட்டும். விற்கும் நாள் வந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.