சம்பங்கோரை தலை சாய்வது ஏன்?

குளக்கரையிலும் ஓடைகளின் ஓரத்திலும் ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்து, பழுப்பு நிறக் கதிரை ஏந்தி நிற்கும் சம்பங்கோரையை அறியாதார் சிலரே. சம்பு என்றும் இதனை வழங்குவர். மராத்தியர் பாணகணீஸ், அதாவது நீர்க்கதிர் என்பர். நெடுங்காலம் களை என்றே ஒதுக்கப்பட்ட இப்புல், இன்று கழிவு நீரைத் தூய்மைப்படுத்தும் பணியில் மனிதனுக்குத் துணை நிற்கிறது. புது டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாளொன்றுக்குச் சுமார் 22 லட்சம் லிட்டர் கழிவு நீரைச் சம்பங்கோரைப் பாத்திகளின் வழியே செலுத்தித் தூய்மைப்படுத்தி, வயல்களுக்குப் பாய்ச்சும் முறையை வகுத்திருக்கிறது. ஆகவே, இக்கோரையின் இலை வாடித் துவளுமாயின் அதனைத் தோட்டக்காரரின் கவலை என்று மட்டும் கருதிவிட இயலாது.

டோம்பிவிலியில் ஓர் அனுபவம்

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. மேற்கே உல்லாஸ் ஆற்றின் கழிமுகம். கிழக்கே 1960-களில் உருவான தொழிற்பேட்டை. இடையில், ஆண்டுக்கு 2000 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெறும் நெருக்கமான நகரம். மழைக்காலத்தில் வெள்ளமும், கோடையில் நீர்த் தட்டுப்பாடும் இங்கு ஆண்டுதோறும் மாறி மாறி வருவன.

நான் வசிக்கும் குடியிருப்பில், குளியலறை நீரைத் தெளிய வைத்துத் தோட்டத்திற்குப் பயன்படுத்தும் பொருட்டு ஒரு சம்பங்கோரைப் பாத்தி அமைத்திருந்தோம். ஓராண்டு மே மாத இறுதியில், மழைக்கு முன் இடத்தைச் சீராக்கும் நல்லெண்ணத்துடன் தோட்டக்காரர் கோரையை அடியோடு அறுக்கலானார். பாதி அறுத்து முடிப்பதற்குள் மழை தொடங்கிவிட்டது. வெளியேற்றும் குழாயில் குப்பை அடைத்துக்கொள்ள, வெட்டிய அடித்தண்டுகளுக்கு மேல் இரண்டு சாண் நீர் நின்றது. ஜூலையில் வெட்டிய பகுதியில் முளைத்த தளிர்கள் வெளிறித் துவண்டு சாய்ந்தன, துர்நாற்றமும் எழுந்தது.

உரம் போதவில்லை என்றார் ஒருவர். பாத்தி முழுவதும் யூரியா தூவப்பட்டது. பூச்சி என்றார் மற்றொருவர். பாத்தியை மூடிச் சிமெண்டுத் தளமிட்டு இரு சக்கர வாகனங்களை நிறுத்தலாம் என்ற தீர்மானமும் சங்கக் கூட்டத்திற்கு வந்தது.

விடை பாத்தியிலேயே இருந்தது. இரு பகுதிகளுக்கும் மண் ஒன்று, நீர் ஒன்று, உரமும் ஒன்று. எனினும் வெட்டாத பகுதி நிமிர்ந்தே நின்றது. வேறுபாடு வெட்டு ஒன்றுதான். சம்பங்கோரையின் இலையிலும் தண்டிலும் காற்றறைகள் உள்ளன. நீருக்கு மேல் நிற்கும் தண்டுகள், காய்ந்தவையும்கூட, சேற்றில் புதைந்த கிழங்கிற்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழாய்களாகும். அவற்றை நீர்மட்டத்திற்குக் கீழே வெட்டினால் கிழங்கு மூச்சுத் திணறி அழுகும். பாசனக் கால்வாய்களில் மண்டும் சம்பை ஒழிக்க நீருக்கடியில் வெட்டும் முறை கையாளப்படுவதும் இதனாலேயே. அங்கே மருந்தாவது இங்கே நஞ்சாயிற்று.

குழாய் அடைப்பை நீக்கி, நீரை ஒரு சாண் அளவிற்குக் குறைத்தோம். அழுகிய கிழங்குகளை அகற்றி, நலமான பகுதியிலிருந்து கிழங்குகளைப் பிரித்து நட்டோம். தீபாவளிக்குள் பாத்தி பசுமை பெற்றது. செலவு, இரண்டு ஆட்களின் ஒரு நாள் கூலியே. சிமெண்டுத் தளத் தீர்மானம் கைவிடப்பட்டது.

நோயறியும் முறை

இலை துவண்டால் முதலில் மருந்தைத் தேட வேண்டாம். துவண்டிருக்கும் விதத்தைக் காண்க.

1. வெளிப்புற முதிர்ந்த இலைகள் மட்டும் பழுத்துச் சாய்ந்தால் அது இயற்கை. கதிர் முற்றியபின் நிகழ்வது. அவற்றை நீர்மட்டத்திற்கு மேலாகவே நறுக்குக.

2. கோடையில் இலை நுனி காய்ந்து, சேறு வெடித்திருந்தால் காரணம் வறட்சி. வேரடியில் எப்போதும் ஈரமும், இயன்றால் ஒரு சாண் நீரும் இருத்தல் வேண்டும்.

3. இலைகள் கரும்பச்சையாய், மென்மையாய் நீண்டு மடிந்தால் தழைச்சத்து மிகுதி. வெளிறி நீண்டு மடிந்தால் நிழல் மிகுதி. முன்னதற்கு உரத்தை நிறுத்துக. பின்னதற்கு வெயிலுக்கு வழி செய்க.

4. தொட்டியில் வளர்ப்பதாயின், கிழங்குகள் நெருங்கி இடமின்றித் தவிக்கலாம். மழைக்காலத் தொடக்கத்தில் பிரித்து நடுக.

5. ஓரிரு செடிகள் மட்டும் வாடினால் தண்டைப் பிளந்து துளைப்புழுவைத் தேடுக. இலையடியில் அசுவினி உண்டா எனக் காண்க. அசுவினிக்குச் சோப்புக் கரைசல் போதும். புழு தாக்கிய தண்டை அகற்றுக.

6. நீர் நுழையும் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரே நாளில் வரிசையாகத் துவண்டால் வந்த நீரை ஐயுறுக. ரசாயனமோ, கழிமுகத்து உப்புநீரோ கலந்திருக்கலாம். நீர்வரவை உடனே நிறுத்திச் சோதனைக்கு அனுப்புதல் கடமை.

ஐயம் தீராவிடில் கிழங்கைத் தொட்டுப் பார்க்க. கெட்டியாகவும் உள்ளே வெண்மையாகவும் இருந்தால் செடி பிழைக்கும். கொழகொழத்து நாறினால் அது முடிந்த கதை.

பொருளாதாரப் பாடம்

ஒரு சொத்தை உருவாக்கும் செலவிற்கு நிதியும் திறப்பு விழாவும் உண்டு. அதனைப் பேணும் செலவிற்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை. எங்கள் பாத்தியைக் கெடுத்தது சோம்பல் அன்று. செடியின் இயல்பை அறியாத சுறுசுறுப்பு. பாத்தி அமைத்தபோது செங்கலுக்கும் குழாய்க்கும் கணக்குப் பார்த்த நாங்கள், தோட்டக்காரருக்கு அரை மணி நேரம் விளக்கிச் சொல்ல மறந்தோம். அந்த அரை மணி நேரமும் முதலீடே. நகரங்களின் கழிவு நீர்த் திட்டங்களுக்குப் பெருநிதி ஒதுக்கப்படும் இந்நாளில், பேணுபவருக்கு அளிக்கும் பயிற்சியும் திட்ட மதிப்பீட்டில் ஓர் இனமாக இடம் பெறுமாயின், பசுமையாய் நட்டவை பசுமையாகவே நிலைக்கும்.