லிங்கர் சொல்லும் 62

கேள்வி: எங்கள் சி புரோகிராமை ரிஸ்க்-ஃபைவ் போர்டுக்கு மாற்றுகிறேன். கம்பைல் சரியாக முடிகிறது. ஸ்டாட்டிக் லைப்ரரியோடு லிங்க் செய்யும்போது மட்டும் ‘இஎம்: 62’ என்று எரர் வருகிறது. கோடில் எங்கே தப்பு?

பதில்: கோடைத் தொடாதீர்கள், தப்பு அங்கே இல்லை. 62 என்பது எக்ஸ்86-64 பிராசஸருக்கான இஎல்எஃப் எண், ரிஸ்க்-ஃபைவுக்கு 243. லேப்டாப்புக்காகக் கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் ஃபைல் ஏதோ ஒன்று லைப்ரரிக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ‘ஏஆர்’ கமாண்ட் எந்த பிராசஸருக்கான ஃபைல் என்று பார்த்துத் தடுக்காது. புதியதைச் சேர்க்கும்போது, அதே பெயரில் இல்லாத பழைய ஃபைல்களை அப்படியே விட்டுவிடும்.

லைப்ரரியின் மேல் ‘ரீட்எல்ஃப்’ கமாண்டை ஹெடர் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘மெஷின்’ என்று ஒரு வரி வரும். வேண்டாத விருந்தாளி பெயரோடு மாட்டிக்கொள்வார். பிறகு ஆப்ஜெக்ட் ஃபைல்களை மட்டுமல்ல, லைப்ரரி ஃபைலையும் சேர்த்தே அழித்துவிட்டு முதலிலிருந்து பில்ட் செய்யுங்கள்.

மறுபடியும் அதே எரரா? மேக்ஃபைல்களைத் தேடுங்கள். மேலே கிராஸ் கம்பைலரைக் கொடுத்திருப்பீர்கள். உள்ளே ஏதோ ஒரு சப்-டைரக்டரியில் ‘ஜிசிசி’ என்று நேரடியாக எழுதியிருக்கும். பெரும்பாலும் அதுதான் காரணம்.

அடுத்து, டபுள்-ஃப்ளோட்டும் சாஃப்ட்-ஃப்ளோட்டும் சேராது என்று லிங்கர் முறையிட்டால் பயப்படாதீர்கள். 64 பிட் லினக்ஸ் போர்டு என்றால் எல்லா ஃபைலுக்கும் ‘எல்பி64டி’ என்ற ஒரே ஏபிஐயைக் கொடுங்கள், போதும்.