மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை: வரவும் செலவும்

சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து பெண் அங்கத்தினர்களுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்தலாமா என்னும் யோசனை நிர்வாகக் குழுவில் எழக்கூடும். நோக்கம் நல்லதே. ஆயினும் இரு பக்கமும் எழுதிப் பார்த்த பின்னரே தீர்மானம் நிறைவேற்றுவது நமது முறை. அம்முறையை இங்கும் கையாளுவோம்.

பரிசோதனை என்று நாம் இங்குக் கூறுவது, அறிகுறி ஏதும் இல்லாத பெண்களைக் குறித்த காலத்திற்கொருமுறை அழைத்துச் சோதிப்பதையே. மார்பில் கட்டியோ, காம்பில் இரத்தக் கசிவோ கண்டவர் கணக்குப் பார்த்திருத்தல் கூடாது; உடனே மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

வரவு

பிரிட்டனில் 1988 முதல் எக்ஸ்ரே படம் எடுத்துச் சோதிக்கும் திட்டம் நடந்து வருகிறது. அதன் பலனை ஆராய்ந்த சுயேச்சையான குழுவொன்று 2012இல் தன் முடிவை வெளியிட்டது. 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை 20 ஆண்டுகள் அழைத்துச் சோதித்து வந்தால், ஏறத்தாழ 43 பேர் இந்நோயால் மாள்வது தடுக்கப்படும் என்பது அக்குழுவின் மதிப்பீடு.

செலவு

அதே 10,000 பேரில் 129 பேருக்கு, வாழ்நாள் முழுவதும் தீங்கு செய்யாமலே இருந்திருக்கக்கூடிய புற்றும் கண்டுபிடிக்கப்படும் என்று அக்குழு கணக்கிட்டது. சில புற்றுகள் மிக மெதுவாக வளர்வனவாதலின் இவ்வாறு நேர்கிறது. எது கொல்லும், எது கொல்லாது என்று முன்கூட்டிப் பிரித்தறிய இயலாமையால், அனைவருக்கும் அறுவையும் பிற சிகிச்சையும் செய்யப்படுகின்றன. அதாவது, ஓர் உயிர் காக்கப்படுமிடத்து மூவர் வேண்டாத சிகிச்சைக்கு உள்ளாகின்றனர். இவையன்றி, புற்றே இல்லாதவரையும் சந்தேகத்தின் பேரில் மீண்டும் அழைப்பதால் உண்டாகும் அச்சமும், இழக்கும் நாட்கூலியும் செலவுப் பக்கத்தைச் சேர்ந்தவையே.

நம் நாட்டு அனுபவம்

எக்ஸ்ரே கருவி இன்றியும் சோதிக்கலாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998இல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 1,50,000 பெண்கள் இடம்பெற்றனர். அவர்களில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர் இரண்டாண்டுக்கொருமுறை கையால் சோதித்தனர். முடிவு 2021இல் வெளிவந்தது. முற்றிய நிலையில் நோய் கண்டவர் 47 சதவிகிதத்திலிருந்து 37 சதவிகிதமாகக் குறைந்தனர். எல்லா வயதினரையும் சேர்த்து இந்நோயால் நேர்ந்த இறப்பில் கண்ட 15 சதவிகிதக் குறைவு, தற்செயலென்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு உறுதிப்படவில்லை. எனினும், பின்னர் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், 50ம் அதற்கு மேலும் வயதுடையோரிடையே இறப்பு ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைந்திருந்தது. அதற்கு இளையோரிடம் குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை.

மீதி

ஆதலின் நாம் கொள்ளத்தக்க முடிவுகள் மூன்று. முதலாவது, கட்டி காணப்பட்டவருக்கு மேற்சோதனையும் சிகிச்சையும் கிடைக்க ஏற்பாடு செய்யாமல் முகாம் கூட்டுதல் ஆகாது. நோயைச் சொல்லிவிட்டு வழி காட்டாதது பெருந்தீங்கு. இரண்டாவது, நிதி சிறிதாயின் 50 வயது கடந்தோருக்கு முதலிடம் அளித்தல் தகும். மூன்றாவது, நன்மை தீமை இரண்டையும் சோதனைக்கு முன்பே எடுத்துரைத்தல் வேண்டும். பணம் சங்கத்தினுடையது, உடல் அப்பெண்ணினுடையது. சம்மதம் கூறும் உரிமை அவரைச் சேர்ந்ததேயன்றி, பொதுக்குழுவின் பெரும்பான்மையைச் சேர்ந்ததன்று.

கூட்டத்தில் விவாதிக்க:
1. நம் ஊரிலிருந்து மேற்சோதனைக்குச் செல்ல வேண்டிய மருத்துவமனை எது? போக்குவரத்துச் செலவு யாருடையது?
2. அங்கத்தினர் பெண்களுக்கு இருபக்கக் கணக்கையும் விளக்கத் தக்கவர் யார்?