இருபது நிமிடக் கண்ணாடிக் குழாய்

பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால், கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேசை மேல் வைத்துவிடுவார்கள். "ஆளு துடிக்கிறாரு, இவங்க ரத்தத்த வெச்சிக்கிட்டு மணி பாக்குறாங்களே" என்று கோபித்து, டிக்கட் வெட்டாமலேயே நோயாளியைத் தூக்கிக்கொண்டு விஷகடி வைத்தியரிடம் ஓடும் குடும்பங்களும் உண்டு. அந்த இருபது நிமிடத்தில் என்ன பார்க்கிறார்கள்?

கவ்வாத்துக் கத்தி விரலில் பட்டால் சிறிது நேரத்தில் இரத்தம் உறைந்து நின்றுவிடும். இப்படி உறைவதற்கு இரத்தத்தில் பைப்ரினோஜன் என்ற பொருள் வேண்டும். கண்ணாடி விரியனின் நஞ்சு இந்தப் பொருளை உடம்புக்குள்ளேயே வீணாகச் செலவழித்துத் தீர்த்துவிடும். பிறகு பல் முரசிலும் ஊசி குத்திய இடத்திலும் இரத்தம் கசியும். மூளைக்குள்ளும் கசியலாம். ஆனால் தொடக்கத்தில் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார். அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

சோதனை மிகச் சுலபம். சுமார் 2 மில்லிலீற்றர் இரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு ஒரே ஒரு முறை சரிப்பார்கள். சட்டித் தயிர் போல் கட்டியாக நின்றால் உறைந்துவிட்டது. தண்ணி மாதிரி வழிந்தால் நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலும், சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல இரத்தம்கூட உறையாமல் நின்று ஏமாற்றும். குழாயை எடுத்துப் பார்க்கும் ஆசை நமக்கும் வரும். தயவு செய்து தொடாதீர்கள்.

"அப்படின்னா வந்த ஒடனே ஊசி மருந்த ஏத்த வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து செய்யப்படுவது. சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கும். மூச்சுத் திணறும், பிரஷர் விழும். தேவைப்பட்டவருக்கு மட்டுமே ஏற்ற வேண்டும். இன்னொன்றும் உண்டு. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தோட்டங்களில் புல்லு வெட்டும்போதும் கொழுந்து எடுக்கும்போதும் அதிகம் கடிப்பது குணகட்டுவா. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் இந்திய விஷமுறிவு மருந்து நாகம், விரியன் வகைகளுக்கு ஆனது. குணகட்டுவாவின் நஞ்சை முறிக்காது. அந்தக் கடியிலும் சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். ஆகவே மருந்து ஏற்றாவிட்டாலும் வார்டில் வைத்துப் பார்ப்பார்கள், மூத்திரத்தை அளப்பார்கள்.

முதல் சோதனையில் இரத்தம் உறைந்தால் வீட்டுக்குப் போகலாமா? கூடாது. நஞ்சு மெல்ல ஏறலாம், சோதனையும் சில நேரம் பிடிக்கத் தவறும். அதனால்தான் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள். மருந்து ஏற்றியவருக்கு 6 மணித்தியாலத்துக்குப் பிறகு பார்ப்பார்கள். தீர்ந்துபோன பொருளை ஈரல் மறுபடி உண்டாக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். வலிக்கு டிஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது இரத்தக் கசிவைக் கூட்டும். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காமல் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.