கணினியின் வெப்பத்தை ஆற்றுதல்

சூடான பாலைக் குழந்தைக்குக் கொடுக்குமுன் தாய் அதனை ஆற்றுகிறாள். ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்கு உயரத் தூக்கி ஊற்றுகிறாள். பால் காற்றிடையே நீண்டு விழுகிறது. அதன் வெப்பம் காற்றிற்குப் போகிறது. அவசரமானால், பால் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர் நிறைந்த தட்டில் வைக்கிறாள்; வெப்பம் நீருக்குப் போகிறது. நம் வீட்டுக் கணினிகளின் வெப்பத்தை ஆற்றவும் இன்று இவ்விரு வழிகளே கையாளப்படுகின்றன. ஒன்று விசிறி, மற்றொன்று குழாய்களில் ஓடும் நீர். இவற்றுள் எதனைத் தேர்வது என்னும் வினா, சென்ற கோடையில் மதுரையில் உள்ள என் தமக்கையார் இல்லத்திலும் எழுந்தது.

தமக்கையாரின் மகன் அசையும் படங்களைக் கணினியில் உருவாக்கும் தொழிலைக் கற்றவன். அவனுடைய கணினி பல இரவுகள் விடிய விடிய ஓடும். அவ்வாறு ஓடுகையில் அதன் விசிறி பேரிரைச்சல் இடும். அடுத்த அறையில் படுத்திருக்கும் என் தாயாருக்கு உறக்கம் வாராது. பகலிலோ வேறொரு தொல்லை: நண்பகல் வேளையில் கணினி திடீரெனத் தளர்ந்து, ஒரு மணி நேர வேலையை இரண்டு மணி நேரத்திற்கு இழுக்கும். குறித்த நாளில் வேலையை முடித்துக் கொடுக்காவிடில் கூலி இல்லை. நான் அங்குச் சென்றிருந்தபோது அவன், "மாமா, நீரால் குளிர்விக்கும் கருவி ஒன்று வாங்கப் போகிறேன். 12,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். அதனை மாட்டிவிட்டால் கணினி பானைத் தண்ணீர் போல் குளிர்ந்திருக்குமாம்" என்றான்.

"பானைத் தண்ணீர் போல் இராது, தம்பி" என்றேன். அவன் நம்பவில்லை. நீர் என்றாலே குளிர்ச்சி என்பது நம் நாட்டில் ஊறிப்போன எண்ணம். அவ்வெண்ணம் இங்கே பொருந்துமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில், வெப்பம் எங்கிருந்து வருகிறது? கணினியின் மூளை எனத் தக்கது செயலி. கட்டைவிரல் நகத்தளவே உள்ள சிலிக்கன் சில்லில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் அமைந்திருக்கின்றன. அவை உட்கொள்ளும் மின்னாற்றல் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. எழுத்தும் கணக்கும் படமும் நமக்குப் பயனாகக் கிடைக்கலாம். ஆற்றலின் கணக்கேட்டில் எஞ்சுவது வெப்பம் ஒன்றே. எளிய வேலைகளுக்குரிய செயலி 65 வாட் அளவில் அடங்கும். கடும் பணி செய்வது 200 வாட்டையும் கடக்கும். பழைய 100 வாட் இழை விளக்கைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்கள், அதைப்போல் இரு மடங்கு வெப்பம் ஒரு நகத்தின் பரப்பிலிருந்து எழுவதை எண்ணிப் பார்க்கலாம். வெப்பம் 95 அல்லது 100 பாகை செல்சியஸை நெருங்கினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில் நின்றுவிடும். நண்பகலில் நேர்ந்த தளர்ச்சிக்குக் காரணம் இதுவே.

இத்தொல்லை கணினியுடன் பிறந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1946இல் உலகிற்கு அறிவிக்கப்பட்ட ஈனியாக் என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது 150 கிலோவாட் அளவு மின்சாரத்தை உட்கொண்டது. அவ்வளவு வெப்பத்தையும் பெரிய ஊதுவிசிறிகளைக் கொண்டே வெளியேற்றினர். 1985இல் வந்த கிரே-2 என்னும் பெருங்கணினியிலோ, மின்சாரம் கடத்தாத ஒருவகைத் திரவத்துள் மின்சுற்றுகளையே மூழ்க வைத்தனர். இதற்கிடையே 1984இல் வெளிவந்த முதல் மெக்கின்டாஷ் வீட்டுக் கணினிக்கு விசிறியே இல்லை! சூடான காற்று தானே மேலெழும் இயல்பை மட்டும் நம்பி அதனை அமைத்திருந்தனர்.

இனி விசிறி முறையைக் காண்போம். செயலியின் மேல் செம்பினாலோ அலுமினியத்தினாலோ ஆன ஓர் அடித்தட்டு அழுந்தப் பொருத்தப்படும். இரு பரப்புகளும் வழவழப்பாகத் தோன்றினும் இடையே நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கினால் வெப்பம் எளிதில் கடவாது. ஆகவே 'தெர்மல் பேஸ்ட்' என்னும் பசையைச் சிறிது தடவுவர். அடித்தட்டிலிருந்து வெப்பம், நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகளுக்குச் செல்கிறது. இவ்வமைப்பைக் கடைக்காரர் 'ஹீட் சிங்க்' என்பர். பரப்பு மிகுதியானால் காற்று வெப்பத்தை விரைந்து வாங்கும்; அதனால்தான் இத்தனை தகடுகள்.

நல்ல ஹீட் சிங்க்குகளில் அடித்தட்டையும் தகடுகளையும் இணைக்கும் செப்புக் குழாய்கள் உண்டு. அவற்றினுள் காற்றை அகற்றிவிட்டுச் சிறிதளவு நீரை அடைத்திருப்பார்கள். அடியில் சூடேறிய நீர் ஆவியாகி மேலே பாயும். தகடுகளை அடைந்ததும் குளிர்ந்து நீராகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல், குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகளின் வழியே மீண்டும் அடிக்கு வரும். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் குரோவர் என்பார் இத்தகைய குழாயை உருவாக்கிக் காட்டினார். ஆக, 'விசிறி முறை' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் முறையினுள்ளும் நீர் ஒளிந்திருக்கிறது. மருமகனுக்கு இது பெருவியப்பாக இருந்தது.

நீர் முறையில் செயலியின் மேல் ஒரு செப்புத் தட்டு இருக்கும். அதனுள் ஒரு சிறு பம்பு நீரைச் செலுத்தும். நீர் தூய நீரன்று. துருவும் பாசியும் பிடியாதிருக்கச் சில பொருள்கள் கலந்தது. சூடேறிய நீர் ஒரு குழாய் வழியே, மோட்டார் வண்டியில் உள்ளதைப் போன்ற ரேடியேட்டருக்குச் செல்லும். அங்கே மெல்லிய தகடுகளினிடையே ஓடி வெப்பத்தை இழந்து மற்றொரு குழாய் வழியே திரும்பும். ஒரே பருமனளவில் எடுத்துக்கொண்டால், ஒரு பாகை வெப்பம் ஏறுதற்குக் காற்று ஏற்பதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை நீர் ஏற்கும். சுமை தூக்குவதில் நீருக்கு நிகர் காற்று இல்லை.

ஆனால் தூக்கிய சுமையை எங்கே இறக்குவது? ரேடியேட்டரின் மேல் பொருத்தியுள்ள விசிறிகளைப் பார்த்தால் விடை விளங்கும். நீர் முறையிலும் இறுதியில் வெப்பத்தை ஏற்றுக்கொள்வது அறைக் காற்றே; அதனை ஓட்டுவது விசிறியே. மண்பானையின் கதை வேறு. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதனை உள்ளேயுள்ள நீரிடமிருந்தே பறித்துக்கொண்டு அது வெளியேறுகிறது. அதனால்தான் பானை நீர் அறையைக் காட்டிலும் குளிர்ந்திருக்கிறது. கணினியின் குழாய்களோ மூடியவை. ஆவி வெளியேற வழியில்லை. எனவே அந்நீர் அறைக் காற்றைவிடக் குளிர்தல் ஒருபோதும் இயலாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கருவி, செயலியின் ஒவ்வொரு வாட்டிற்கும் கால் பாகை வெப்பத்தை மிச்சம் வைக்கிறது எனக் கொள்வோம். செயலி 120 வாட் உட்கொண்டால், அஃது அறையைவிட 30 பாகை மிகுந்திருக்கும். அறை 28 பாகையாயின் செயலி 58. மதுரையின் மே மாதத்தில் அறை 38 பாகையாயின் செயலி 68. கருவி எதுவாயினும் அறையின் வெப்பம் அப்படியே கூடிக்கொள்ளும். பெரிய ரேடியேட்டர் அந்தக் கால் பாகையைக் குறைக்க வல்லது. அஃது அதன் உண்மையான பயன். அதற்குமேல் எதிர்பார்த்தல் தவறு.

நீருக்கு இன்னொரு குணமும் உண்டு: அது மெல்லச் சூடேறும். கருவியில் 300 கிராம் நீர் இருப்பதாகக் கொண்டால், 150 வாட் வெப்பம் அதனை ஒரு பாகை உயர்த்த 8 வினாடிக்குச் சற்று மேலாகும். ஆகவே சிறிது நேரமே நீடிக்கும் கடும் வேலையை நீர் தாங்கிக்கொள்ளும். விசிறிகள் கூச்சலிட வேண்டியதில்லை. ஆனால் ரேடியேட்டர் வெளியேற்றாவிடில் மூன்று நிமிடத்திற்குள் 20 பாகை ஏறிவிடும். இரவெல்லாம் ஓடும் வேலையில் இந்தத் தாமதத்தால் ஊதியம் ஒன்றும் இல்லை.

இரைச்சலைப் பற்றியும் ஒரு சொல். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபெல் குறைந்துவிடும். சிறு விசிறி ஒன்று விரைந்து சுழல்வதைவிடப் பெரிய விசிறி மெல்லச் சுழல்வது நன்று. 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் மூன்று விசிறிகளை ஏற்பதால் அமைதியாக இயங்கலாம். பெரிய ஹீட் சிங்க்கும் 140 மில்லிமீட்டர் விசிறியும் சேர்ந்தாலும் அதே அமைதி கிட்டும். நீர் முறையில் பம்பின் முனகலும் சேரும். சிலர் அதனை விசிறியின் ஓசையைவிட வெறுப்பர்.

பழுதுபடும் விதத்திலும் இரண்டும் வேறுபடும். விசிறி நின்றால் அதே அளவுள்ள வேறொன்றை வாங்கி மாட்டிவிடலாம். பம்பு நின்றால் நீர் தேங்கிவிடும். சிறிது நேரத்தில் செயலி கொதிக்கும். பெரும்பாலும் கருவி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். குழாய்ச் சுவர்களின் வழியே நீர் ஆண்டுக்கணக்கில் நுண்ணளவாக வெளியேறுவதும் உண்டு. கசிவு நேர்தல் அரிது. நேர்ந்தால் மின்சுற்றுகள் பாழாகும்.

இவ்வளவும் பேசிய பின்னர் மருமகனும் நானும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கணினியின் பெட்டியைத் திறந்தோம். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும்! ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையே புழுதி கம்பளம்போல் படிந்திருந்தது. பெட்டியோ மேசையின் கீழுள்ள அலமாரியில், சுவரை ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. வெளியே வந்த சூடான காற்றையே விசிறி மீண்டும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பெட்டியில் இருந்த கிராஃபிக்ஸ் கார்டு தனித்து 250 வாட் உட்கொள்வது. செயலிக்கு நீர் பாய்ச்சினாலும் அதன் வெப்பத்தை அந்நீர் தொடப்போவதில்லை. அமர்ந்திருக்கும் மனிதன் ஒருவன் 100 வாட் அளவில் வெப்பம் விடுகிறான். சன்னலை அடைத்த அந்தச் சிற்றறையில், கண்ணுக்குத் தெரியாத நால்வர் அவனுடன் இரவெல்லாம் அமர்ந்திருந்தனர் என்றே சொல்லலாம்.

புழுதியைத் தூரிகையால் துடைத்தோம். காய்ந்து வெடித்திருந்த பழைய பசையை நீக்கிப் புதிது தடவினோம். பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வைத்தோம். அன்று நண்பகல் அதே வேலையில் செயலியின் வெப்பம் 97 பாகையிலிருந்து 84 பாகைக்கு இறங்கியது. தளர்ச்சி நீங்கியது, இரைச்சல் மட்டும் நீங்கவில்லை. அவனுடைய செயலி 120 வாட் அளவினது. ஆதலின் 4,000 ரூபாய்க்குப் பெரிய ஹீட் சிங்க் ஒன்றும், பெட்டியின் முன்புறம் காற்றை உள்ளிழுக்கவும் பின்புறம் வெளியேற்றவும் இரு விசிறிகளும் வாங்கினான்.

அவனுடைய நண்பன் ஒருவனது செயலி 250 வாட் உட்கொள்வது. பல மணி நேரம் இடைவிடாது உழைப்பது. அவனுக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டருள்ள நீர் முறையையே மருமகன் பரிந்துரைத்தான். காற்றுக்குமிழ்கள் உயர்ந்த இடத்தில் சேருமாதலால், பம்பு எல்லாவற்றிற்கும் மேலே இராதபடி ரேடியேட்டரைப் பெட்டியின் மேற்பகுதியில் பொருத்துமாறும் சொல்லி அனுப்பினான்.

நான் ஊர் திரும்பும் நாளன்று காலையில் என் தாயார், "நேற்றிரவு அவன் வேலை செய்யவில்லையா?" என்று கேட்டார். அவன் விடியும்வரை வேலை செய்திருந்தான். இப்போது பெட்டியின் உட்புறத்தில் ஒரு சிறு தாளை ஒட்டி, புழுதி துடைத்த நாளை அதில் குறித்து வருகிறான்.