உள்ளத்தை அளக்கும் கோல்கள்

நெல்லை அளக்க மரக்கால் உண்டு. நிலத்தை அளக்கச் சங்கிலி உண்டு. பொன்னை நிறுக்கத் துலாக்கோல் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத அறிவையும் நினைவையும் அளக்கக் கோல் உண்டோ எனின், உண்டு என்பர் உளவியலறிஞர். மருத்துவமனைகளில் அவர்கள் அவற்றை நாள்தோறும் கையாளுகின்றனர். ஆயினும், மரக்கால் எவ்வூர் நெல்லையும் ஒருபடித்தாய் அளக்கும். உளவியற் கோல்களோ, அளக்கப்படுபவரின் மொழியையும் வாழ்வையும் அறிந்து கையாண்டாலன்றி உண்மை உரையா.

இக்கோல்களுள் பெயர் பெற்ற முதற்கோல் பிரான்சு நாட்டில் தோன்றியது. பள்ளிப் பாடங்களைப் பின்பற்ற இயலாமல் இடர்ப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுதற்கு ஒரு வழி வேண்டும் என்று அந்நாட்டு அரசாங்கம் 1904இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் உறுப்பினருள் ஒருவரான ஆல்பிரடு பினே என்பவர், சைமன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து 1905இல் முப்பது சோதனைகளை எளியனவற்றிலிருந்து அரியன வரை வரிசைப்படுத்தினார். 1908இல் அவை வயது வாரியாக வகுக்கப்பெற்றன. இதனால், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எட்டு வயதினர்க்குரிய சோதனைகள் வரையில் வென்றால், அவனுடைய மனவயது எட்டு எனக் கொள்ளப்பட்டது. மனவயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் எண்ணே நுண்ணறிவு ஈவு ஆகும். மேற்கூறிய சிறுவனின் ஈவு 80 ஆகும். இக்காலத்தில் இவ்வாறு வகுப்பதில்லை. ஒருவர் பெற்ற மதிப்பெண்ணை அவர்தம் வயதினர் பலர் பெற்றவற்றோடு ஒப்பிட்டு, நடுநிலையை 100 எனக் கொள்கின்றனர். உதவி வேண்டுவோரைக் கண்டறிதலே பினேயின் நோக்கம். அறிவு வளர்ச்சியற்றுக் கிடப்பதன்று, பயிற்சியால் ஓங்குவது என்பதே அவர் கொள்கை.

பாரிசு நகரத்துக் குழந்தைக்கு வகுத்த வினாவை மொழிபெயர்த்து இந்நாட்டுக் குழந்தையிடம் கேட்பது முறையாகுமோ? தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் வளரும் சிறுவன் ஒருவனைக் கருதுவோம். கப்பலின் படத்தைக் காட்டி, அதில் இல்லாத உறுப்பு யாது என்று வினவினால் அவன் விழிப்பான். மாலையில் பட்டி திரும்பும் ஆடுகளை நோக்கி, காணாமற்போன ஆடு எது என்பதை ஒரே பார்வையில் அவன் உரைக்கவும் கூடும். முன்னதை மட்டும் கண்டு அவனை அறிவிலி என்பது கோலின் குறையைக் குழந்தையின் தலையில் ஏற்றுவதாகும். இம்மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழ் பயிலும் பிள்ளைகளும் உளர். அவர்களுள் ஒருவர் வினாவிற்கு விடை கூறாமைக்கு வினாவின் மொழி விளங்காமையும் காரணமாகலாம்.

இவ்விடரை நீக்க இந்திய அறிஞர் பலர் முயன்றனர். பினேயின் கோலைக் காமத்து என்பவர் மராத்தி, கன்னட மொழிகளுக்கு ஏற்ப அமைத்தார். சந்திரமோகன் பாட்டியா என்பவர் 1955இல் வெளியிட்ட சோதனைத் தொகுதி, 11 முதல் 16 வயது வரையுள்ள சிறுவர்க்கு உரியது. கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் பொதுவாக அமைந்தது அதன் சிறப்பு. வண்ணக் கட்டைகளை அடுக்கிக் காட்டிய வடிவத்தை ஆக்குதல், துண்டுகளை இணைத்துப் படம் ஆக்குதல் போன்ற ஐந்து செயல்கள் அதில் உள்ளன. நினைவாற்றல் சோதனையில், எழுத்தறியாதார்க்கு எண்களுக்கு மாறாக ஒலிகளைச் சொல்லித் திரும்பக் கூறச் செய்வர். மேலும், குழந்தை தானே உண்கிறதா, உடுத்துகிறதா, சிறு ஏவல்களைச் செய்கிறதா எனப் பெற்றோரை வினவி அறியும் வைன்லாந்து அளவுகோலும் நம் நாட்டிற்கேற்ப அமைக்கப்பெற்றுள்ளது.

மூளை நோயுற்றோரை ஆராயும் கோல்கள் வேறு. மணி காட்டும் முகப்பு ஒன்றை வரையுமாறு நோயாளியிடம் கூறுவர். மூளையின் வலப்பாதி பழுதுற்றவருள் சிலர், எண்கள் அனைத்தையும் வலப்புறத்திலேயே நெருக்கி எழுதி, இடப்புறத்தை வெறுமையாக விடுவர். கண் காண்கிறது, மூளை அப்பக்கத்தைக் கருதுவதில்லை. முதியோரின் மறதியை ஆராய 1975இல் அமெரிக்காவில் முப்பது மதிப்பெண் கொண்ட சிறு சோதனை ஒன்று வகுக்கப்பட்டது. மூன்று சொற்களைக் கூறிச் சிறிது பொழுது கழித்துக் கேட்டல், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், ஒரு வாக்கியம் எழுதுதல் ஆகியவை அதில் அடங்கும். எழுதப் படிக்கக் கல்லாத பாட்டி ஒருவர் இவற்றுள் சிலவற்றில் தவறுவது நோயினால் அன்று. ஆதலின், வடநாட்டில் அரியானா மாநிலத்துச் சிற்றூர் முதியோர்க்கென 1995இல் இச்சோதனை இந்தியில் மாற்றி அமைக்கப்பட்டது.

தருமபுரிக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் அமைந்துள்ளது. அங்குள்ள அறிஞர்கள் 2004இல் நரம்பு உளவியற் சோதனைத் தொகுதி ஒன்றை வெளியிட்டனர். வயது, பால், கல்வி என்னும் மூன்றையும் பிரித்து அதற்கு அளவைகள் வகுத்தனர். கல்லாத உழவரைக் கல்லாதவரோடும், கல்லூரி கண்டவரைக் கல்லூரி கண்டவரோடும் ஒப்பிடுவதே நேர்மை என்பது அவ்வளவைகளின் உட்பொருள்.

தேர்ந்த உளவியலறிஞர் எண் ஒன்றை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறார். குழந்தைக்குக் காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, பசி தீர்ந்ததா, அச்சம் நீங்கியதா என முதற்கண் ஆராய்வார். தாயிடமும் ஆசிரியரிடமும் உசாவுவார். பல சோதனைகளின் முடிவுகளை ஒன்றோடொன்று பொருத்திய பின்னரே கருத்துரைப்பார். அவர் எழுதும் ஒரு வரியால், பின்தங்கிய குழந்தைக்குத் தக்க பயிற்சியும் அரசின் உதவியும் கிட்டலாம். அதே வரி பிழைபடின், மந்தன் என்னும் பெயர் ஒருவனை வாழ்நாள் முழுதும் தொடரலாம். உள்ளத்தை அளப்போர்க்கு அறிவோடு அருளும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.