பிள்ளை ஏன் இறந்து பிறந்தது?

நிறைமாதத்தில் அசைவு நின்று பிள்ளை இறந்தே பிறந்தால், தோட்டத்தில் முதலில் கிளம்பும் பேச்சு என்ன? "பொழுது சாய்ந்து வெளியே போனாள்", "கண்ணூறு பட்டுவிட்டது", "பாரம் தூக்கினாள்". பழியெல்லாம் பெற்றவள் தலையில்தான். உண்மைக் காரணத்தைத் தேட மருத்துவத்தில் வழியிருக்கிறது. அதுவே சிசுவின் பிரேதப் பரிசோதனை.

பினாங்கு பெரியாஸ்பத்திரி போன்ற இடத்தில் டாக்டர் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், நம்மவர்கள் போலீஸ் கேஸ் என்று பயந்துவிடுகிறார்கள். அப்படியல்ல. போலீஸ் உத்தரவில் நடக்கும் சோதனைக்குக் குடும்பத்தாரின் சம்மதம் தேவையில்லை. இதுவோ பெற்றோர் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். வேண்டாம் என்றும் சொல்லலாம். வெளிப்பார்வை, எக்ஸ்ரே, நஞ்சுக்கொடி இவற்றோடு நிறுத்தச் சொல்லவும் இடமுண்டு.

முதலில் எடை, நீளம் அளந்து படம் எடுப்பார்கள். பிறகு இருதயம், நுரையீரல், மூளை முதலியவற்றைப் பார்த்து, சிறு துண்டுகள் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் ஆராய்வார்கள். முடிந்ததும் தையல் போட்டுத் துணி சுற்றித் தருவார்கள். முகம் பார்த்து அடக்கம் செய்யலாம். நாள் கடந்தால் உறுப்புகள் கெட்டுப்போகும். ஆகவே சீக்கிரம் முடிவு சொல்வது நல்லது.

நஞ்சுக்கொடியை மட்டும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். பல நேரம் பிள்ளையின் உடம்பைவிட அதுதான் அதிகம் சொல்லும்: இரத்தம் உறைந்ததா, கிருமி ஏறியதா, தாயின் இரத்தக் கொதிப்பால் சுருங்கியதா என்று. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைப்பதாக இருந்தால், சோதனை முடிந்த பிறகு கேட்டு வாங்குங்கள்.

தாயின் இரத்தத்தையும் சோதிப்பார்கள்: இனிப்புநீர், மேகநோய், இரத்த வகை. இந்த இரத்த வகை விஷயம் நமக்கு முக்கியம். மலேசியாவில் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியரிடையே ஆர்.எச். நெகட்டிவ் வகை அதிகம். தாய் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால், பிரசவத்தின்போது பிள்ளையின் இரத்தம் தாயின் இரத்தத்தில் கலந்து, அவள் உடம்பு அதற்கு எதிர்ப்பை உண்டாக்கலாம். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளைக்குத்தான் இரத்தம் அழிந்து, உடம்பு வெளுத்து வீங்கிப்போகும். இதைத் தடுக்க ஆன்டி-டி ஊசி இருக்கிறது. எதிர்ப்பு உண்டாவதற்கு முன்பே, பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிள்ளை இறந்து பிறந்தாலும் போட வேண்டும். துக்கத்தில் இது மறந்துபோகக்கூடாது. கூட இருப்பவர்களாவது மிஸ்ஸியிடம் கேளுங்கள்.

எல்லாச் சோதனையும் செய்தும் காரணம் தெரியாமல் போவதுண்டு. அப்போதும் இன்னின்ன காரணம் இல்லை என்றாவது தெரியும். முடிவை டாக்டர் விளக்கும்போது கணவரும் மாமியாரும் கூடப் போய்க் கேட்பது, என் எண்ணத்தில், பாதி மருந்து.

இன்னொன்று. 22 வாரத்துக்குப் பிறகு பிள்ளை இறந்து பிறந்தாலும், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி அது பிரசவமே. 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 98 நாள். "பிள்ளைதான் இல்லையே, நாளைக்கு வேலைக்கு வா" என்று ஆபீசில் சொன்னால், ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு நேரே தோட்டத் தலைவரிடம் வாருங்கள்.